ஆழத் தொட்டிக்கு ஒரு விளக்கு

மச்சாள்,

கடந்த சனிக்கிழமை எங்கள் ஆட்களின் கலைவிழா ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்மில் நடந்தது. பிள்ளைகள் சலங்கை கட்டி வரிசையில் நின்ற நேரம், யாரோ சுவரோடு சாய்ந்ததில் சுவிட்ச் அமுங்கி, கூரையில் எரிந்துகொண்டிருந்த பெரிய விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டன. உடனே சுவிட்சைத் திரும்பப் போட்டார்கள். ஒன்றும் எரியவில்லை. பியூஸ் போய்விட்டது என்றார் ஒருவர். மண்டபக்காரன் வேண்டுமென்றே செய்கிறான் என்றார் இன்னொருவர். எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரியிடம் மட்டும், கொஞ்சம் ஆறினால் தானாக எரியும் என்று மெல்லச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பிறகு கூரையின் ஒரு மூலையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. அது நீலமாகி, பச்சை கலந்து, மெல்ல மெல்ல வெண்மையானது. பின்னர் அடுத்தது, அதற்கடுத்தது. சனம் கைதட்டிவிட்டுக் கதைக்கத் தொடங்கிவிட்டது. நான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். என் வாய் திறந்திருந்தது என்று அந்த அன்ரி பின்னர் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருந்தது.

இதே மாதிரி விளக்கு எரியும் அந்தத் தொட்டி எங்களிடம் வந்த விதத்தில் அழகாக எதுவும் இல்லை. அண்ணை சமையல் வேலை செய்த உணவகத்தைத் திருத்திக் கட்டியபோது, வாசலில் நின்ற கண்ணாடித் தொட்டியை வேண்டுமென்றால் கொண்டுபோ என்று கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடைத்ததை அண்ணை விடுவாரா? சிநேகிதரின் வான் வண்டியில் ஏற்றி வந்து, மில்லிக்கன் பகுதியில் நாங்கள் அப்போதுதான் வாங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்து இருக்கை அறையில் வைத்தார். நீளம் அதிகமில்லை. ஆழம்தான் அதிகம். தோள்வரை கையை விட்டால்தான் அடி தொடும். தங்கமீன் நாலு வாங்கி விடுங்கோ, பார்க்க வடிவாயிருக்கும் என்று சொல்லிவிட்டு இரண்டாவது வேலைக்குப் போய்விட்டார்.

தங்கமீன் வாங்கத்தான் நீங்களும் நானும் ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்துக் கடைத்தொகுதியில் இருந்த மீன்கடைக்குப் போனோம். நீங்கள் அண்ணையைக் கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடையின் பின்பக்கம் இருட்டான ஓர் அறை இருந்தது. அங்கே ஒரேயொரு தொட்டிக்கு மேல் ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சையும் ஊதாவும் மண்ணிறமுமாகப் பவளங்கள். கல்லென்று நினைத்தால் அசைந்தன, பூவென்று நினைத்தால் வாயைத் திறந்து மூடின. நீங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். கடைக்காரர் இரண்டு தடவை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நான் திருகோணமலையிலை பிறந்தனான் மச்சாள்," என்றீர்கள். "உதெல்லாம் எங்கடை கரைக்குக் கிட்டத்தான் இருக்கெண்டு சொல்லுவினம். பொம்பிளைப் பிள்ளையளைக் கணுக்காலுக்கு மேலை கடலுக்கை விடமாட்டினம். பிறகு நேவி வந்து ஆரையுமே விடேல்லை. இப்ப பாரும், கோழிக்கடைக்குப் பக்கத்திலை நிண்டு பாக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் நீங்கள் அண்ணையிடம் கேட்டீர்கள். தங்கமீன் வேண்டாம், பவளம் வளர்க்க வேண்டும் என்று. இந்த வீட்டுக்கு வந்தபிறகு நீங்களாக வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். அது எனக்குத் தெரிந்தது, அண்ணைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. விளக்குக்கு எவ்வளவு கரண்ட் போகும் என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் சொன்னதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆழத்துக்கு நானூறு வாட் விளக்கு இரண்டு, நாள் முழுக்க.

"உது மீன் தொட்டியோ, வீடு சூடாக்கிற ஹீற்றரோ?" என்றார் அண்ணை. அவர் கோபப்படவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். பவளம் வாங்கலாம். ஆனால் கரண்டுக்கு வரும் அடுத்த ஹைட்ரோ பில்லைப் பார்க்கும்போது அது கண்டபடி ஏறியிருக்கக் கூடாது, தொட்டிக்குள் இருப்பவை உயிரோடும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தொட்டியைத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிடுவார். அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார், கடைவாசலில் வைத்து அழகு பார்க்க.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றவள், அதுவும் உயிரியலில். அந்தப் பட்டத்துக்குப் பிறகு வீட்டில் பிரிட்ஜ் சத்தம் போட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆட்களுக்கு முன்னால் நாலு வசனம் சேர்த்துப் பேச வராத எனக்கு அந்தப் பார்வைகள் பெரிய பாரமாக இருந்தன. நீங்கள் மட்டும் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டி, "நீர் பாப்பீர்" என்றீர்கள்.

பார்த்தேன். நூலகத்தில் மீன் வளர்ப்போரின் சஞ்சிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு பல பின்னேரங்கள் இருந்தேன். சாதாரண டியூப் விளக்கு கரண்ட் குறைவாக எடுக்கும், சூடும் குறைவு. ஆனால் அதன் வெளிச்சம் நாலு பக்கமும் சிதறிப்போகும், ஆழத்துக்கு இறங்காது. கடையில் தொங்கிய அந்த வகை விளக்கு ஒரு குட்டிச் சூரியன். வெளிச்சம் ஓரிடத்திலிருந்து கிளம்பி நேராக அடிவரை விழும். ஆனால் கரண்டைக் குடிக்கும், தண்ணீரையும் சூடாக்கும். இரண்டுக்கும் நடுவில், மடித்துச் செய்த புதுவகை டியூப்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அவற்றை நம்பலாமா என்று சஞ்சிகைகளில் ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள்.

படித்ததில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் உறவினர் ஒருவரிடம் வெளிச்சம் அளக்கும் சிறிய கருவியை இரவல் வாங்கினோம். நனைந்தால் புதிது வாங்கித் தரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் பைபோட்டுக் கட்டி, ஒரு கல்லையும் சேர்த்து, நூலில் தொங்கவிட்டு, தொட்டியோடு வந்த டியூப் விளக்கைப் போட்டு, தண்ணீருக்குள் நீங்கள் இறக்கினீர்கள். நான் தரையில் குந்தியிருந்து கண்ணாடிக்கு வெளியிலிருந்து கருவியின் முள்ளைப் பார்த்தேன். நீங்கள் நூலை விடவிட முள் சரிந்தது. ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே அவ்வளவு சரிவு. அடியைத் தொட்டபோது அது பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தது. நாங்கள் வெளிச்சமென்று நினைத்திருந்த இடத்தில் வெளிச்சமே இல்லை.

"எங்கடை கண் பொய் சொல்லுது என்ன?" என்றீர்கள்.

ஓம் மச்சாள். கண் இருட்டுக்குப் பழகி எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்கிறது. பவளத்தால் அப்படிச் சமாளிக்க முடியாது.

அந்த முள் சரிந்த விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. வெளிச்சத்தை அடிவரை கொண்டுபோவதற்குத்தானே அவ்வளவு கரண்ட். பவளங்களை மேலே ஏற்றிவிட்டால் என்ன? நடுவில் கற்களை மலைபோல் அடுக்குவோம். வெளிச்சம் அதிகம் வேண்டியவை உச்சியில், குறைவாக வேண்டியவை சரிவில், நிழல் விரும்புபவை அடியில். உச்சிக்கு நேர்மேலே அந்தக் குட்டிச் சூரியனில் சிறியது ஒன்று போதும், நூற்றெழுபத்தைந்து வாட். அதுவும் உச்சிப்பொழுதைச் சுற்றிய சில மணித்தியாலங்களுக்கு மட்டும். காலையும் மாலையும் இரண்டு நீல டியூப். எல்லாம் சேர்த்தாலும் கடைக்காரர் சொன்னதில் மூன்றிலொரு பங்குக்குள் அடங்கும்.

நீங்கள் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி நின்று, சட்டைக்கை முழுதும் நனைய நனையக் கல் அடுக்கினீர்கள். சரிந்து விழுந்தது. திரும்ப அடுக்கினீர்கள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, கோயில் கட்டுறியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதன்முதலாக அந்த விளக்கைப் போட்ட மத்தியானம் எனக்கு மறக்காது. ஊதாவில் தொடங்கி வெள்ளையாக வர நேரமெடுத்தது. வந்தபோது, தொட்டியின் அடியில் மணலில் வெளிச்சக் கோடுகள் நெளியத் தொடங்கின. ஓடி, பிரிந்து, சேர்ந்து, திரும்ப ஓடின. டியூப் வெளிச்சத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நீங்கள் குனிந்து உங்கள் கணுக்காலைப் பார்த்தீர்கள், பிறகு மணலைப் பார்த்தீர்கள். "கரையிலை நிண்டால் காலடியிலை இப்படித்தான் ஓடும்," என்றீர்கள். "பாருமன் மச்சாள். பாருமன்." நீங்கள் எதைக் கண்டாலும் அப்படித்தான், பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டாமல் உங்களால் பார்க்க முடியாது. முதல் பனி விழுந்த நாளில் பஸ்ஸுக்குள் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கும் தமிழில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆனால் வாங்கிவந்து வைத்த பவளங்கள் திறக்கவில்லை. கடையில் பச்சைப் பூக்களாக விரிந்திருந்த பவளக் கல் எங்கள் வீட்டில் மூடியே கிடந்தது. நாள் போகப்போக நிறம் மங்கியது. நகைக்கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோது அண்ணை முடிவாக இல்லையென்று சொல்லவில்லை. உப்பு பிழையோ என்று நினைத்துத் தண்ணீரை மாற்றினோம். கடையில் வாங்கும் அந்த உப்பில் சத்தில்லை என்று அம்மா சமையலறைக் கல்லுப்பைக் கொண்டுவந்தார். அதைத் தொட்டிக்குள் கொட்டாமல் தடுத்தது பெரிய பாடு.

விளக்கும் பழுதுபோல் இருந்தது. வேலையால் வந்து பார்த்தால் அணைந்து கிடக்கும். சுவிட்சைப் போட்டால் எரியாது. அண்ணை போட்டுப் பார்த்தார், எரியவில்லை. நீங்கள் போட்டுப் பார்த்தீர்கள், எரியவில்லை. கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தன் மேசையில் வைத்துப் போட்டார், உடனே எரிந்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் நான் வெட்கத்தால் சுருங்கிப்போனேன். பஸ்ஸில் நீங்கள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தீர்கள். அப்படி நீங்கள் இருந்து நான் கண்டதில்லை. இறங்கும்போது மட்டும், "அதுகளைக் கடையிலேயே விட்டிருக்கலாம். என்ரை ஆசைக்குக் கொண்டுவந்து சாகக் குடுக்கிறன்," என்றீர்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் கீழ்த்தளத்துப் படிக்கட்டில் ஒரு புத்தகத்தோடு இருந்தேன். பேசத் தெரியாதவர்களுக்குப் பார்க்கத் தெரியும். நீங்கள் விளக்கைப் போட்டீர்கள், அது வெள்ளையாக வந்தது. சற்று நேரத்தில் அம்மா துணி மடிக்க அந்த அறைக்குள் வந்தார், மடித்து முடித்தார், வெளியே போகும்போது டக்கென்று சுவிட்சைத் தட்டி விளக்கை நூர்த்துவிட்டுப் போனார். அம்மா வரும்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் வருடங்கள் ஆகியிருந்தன. இங்கே வந்த நாளிலிருந்து ஆளில்லாத அறையில் எரியும் எதையும் அவர் அணைக்காமல் விட்டதில்லை. பிறகு அண்ணை வந்தார், சுவிட்சைப் போட்டார். சூடு ஆறாத விளக்கு எரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, சுவிட்சைப் பழையபடி நூர்த்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். போட்டதும் எரிந்தது. உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள். மேலே தொலைபேசி அடித்தது. எழுந்தீர்கள். அந்தப் பச்சைக் கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தீர்கள். உங்கள் கை தானாகப் போய் விளக்கை நூர்த்தது.

உங்களுக்கே அது தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் எப்படியோ வாயைத் திறந்தேன். விளக்கில் பழுதில்லை, நாங்கள்தான் நூர்க்கிறோம், நூர்த்தால் சூடு ஆறும்வரை அது திரும்ப எரியாது என்றேன்.

"நான் நூர்க்கிறன்தான்," என்றார் அம்மா. "ஆரும் இல்லாத அறையிலை என்னத்துக்கு லைற்?"

"அண்ணையும்தான். மச்சாளும்தான்."

"நானோ?" என்றீர்கள்.

"ஓம். இண்டைக்கு ரெண்டு தரம். போன் அடிக்கேக்கை ஒருக்கா, கறி பாக்கப் போகேக்கை ஒருக்கா."

நீங்கள் உங்கள் வலது கையைப் புட்டும் குழம்புமாகத் தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தீர்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினீர்கள். அண்ணைக்குப் புரைக்கேறும்வரை எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது அம்மா கேட்டார், அவற்றுக்கு வெளிச்சம் எதற்கு, இருட்டில் பயமா என்று. வெளிச்சம்தான் அவற்றின் சாப்பாடு என்று நான் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. நான் சத்தியம் செய்தேன். அவர் கை புட்டுக் கோப்பையில் அப்படியே நின்றுவிட்டது.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதுகளின்ரை சோத்துக் கோப்பையையே நான் உவ்வளவு நாளும் பறிச்சனானோ?"

அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை யாரும் தொடவில்லை. தொட அம்மா விடவில்லை. அண்ணை தானாகவே போய் நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைய வைக்கும் ரைமர் ஒன்று வாங்கி வந்து பூட்டினார். தொட்டிக்குப் போகும் கரண்டுக்கு ஈடாக அம்மா வீட்டில் மற்ற எல்லா விளக்கையும் நூர்த்தார். படிக்கட்டில் தடவித் தடவி நடந்தோம். பின்னேரங்களில் வெளிச்சம் இருந்த ஒரே இடம் அந்த அறைதான் என்பதால், அம்மா மரக்கறி வெட்டியதும் அங்கேதான், அண்ணை வேலைக்கிடையில் கண்ணயர்ந்ததும் அங்கேதான். பில் வந்தது. கூடியது கொஞ்சம்தான். அண்ணை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். நகைக்கடைக்காரரின் கதையை அதன்பின் எடுக்கவேயில்லை.

ஒரு காலை, நீல டியூப் மட்டும் எரிந்துகொண்டிருந்த நேரம், "மச்சாள், ஓடிவாரும்," என்று கத்தினீர்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தேன். கல் முழுக்கத் திறந்திருந்தது. நூற்றுக்கணக்கான சிறு கைகள், ஒவ்வொன்றும் உள்ளே விளக்கு வைத்ததுபோல் பச்சையாக ஒளிர்ந்தன. நீரோட்டத்தில் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்து, எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாங்கள் பார்ப்பது விலங்குகள். ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் அவற்றைத் தொட்டதும் அவை சீனி செய்கின்றன. அந்தச் சீனியில்தான் இந்த விலங்கு வாழ்கிறது, அதன் பலத்தில்தான் தன் கல்வீட்டைக் கட்டுகிறது. கடலில் கப்பலையே மறிக்கும் பாறைகள் இப்படிக் கட்டப்பட்டவைதான். பரீட்சைக்கு எழுதிய ஒழுங்கிலேயே சொல்லி முடித்தேன்.

நீங்கள் தொட்டியை விட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "வெளிச்சத்திலையிருந்து ஒரு மலை. நீர் இதை இவ்வளவு சாதாரணமாச் சொல்லுறீர்?"

நாலு வருடம் அதைப் படித்தேன் மச்சாள், புள்ளிகள் வாங்கினேன். அது என்ன என்று அந்தக் காலையில்தான் பார்த்தேன்.

போன மாரியில் உங்களுக்குத் தீராத வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தது. பனி முடிய முன்னமே போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்குச் சனம் நிறைந்திருந்தது. கீழ்த்தளத்திலும் ஆட்கள். மத்தியானம், எல்லோரும் அமைதியாக இருந்த நேரம், ரைமர் கிளிக்கென்றது. தொட்டி விளக்கு ஊதாவில் தொடங்கி எரிந்தது. இழவு வீட்டில் உது என்ன கோலம் என்று நினைத்தாரோ, ஒரு மாமா நூர்க்கவென்று எழுந்தார். அழுதுகொண்டிருந்த அம்மா சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, "விடுங்கோ தம்பி, அதுகள் சாப்பிடட்டும்," என்றார். அந்த மாமா திகைத்துப்போய்த் திரும்ப இருந்துவிட்டார்.

அண்ணை அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தொட்டியை நான்தான் பார்த்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில வாரம் கழித்து ஒரு பின்னேரம், முதல் வேலையால் வந்து அடுத்த வேலைக்குப் போகுமுன், கோட்டும் சப்பாத்துமாகக் கீழே இறங்கி வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நீங்கள் வாங்கிய அந்தக் கல்லிலிருந்து பச்சை பரவி இப்போது பக்கத்துக் கற்களையும் மூடியிருக்கிறது. அவர் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

"பிள்ளை, உதுக்குள்ளை என்ன நடக்குது?" என்று கேட்டார். "அவள் எத்தினை தரம் சொல்ல வந்தவள். எனக்கு வேலைக்கு நேரமாச்செண்டு போயிட்டன்."

நான் சொன்னேன். பாசியைப் பற்றி, சீனியைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி. ஒவ்வொன்றையும் சொல்லுமுன் நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது. மலை என்ற இடத்துக்கு வந்தபோது என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் இழுத்தேன்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோட்டோடு தரையில் குந்தினார். வேலைக்குப் போகும் பஸ் போயிருக்கும். அவர் எழும்பவில்லை.

"ஒருக்காத் திருப்பிச் சொல்லு," என்றார்.

திரும்பவும் சொன்னேன் மச்சாள். இரண்டாம் தடவையும் அது சாதாரணமாக வரவில்லை.